தகரத்துக்குப் பயந்து சொன்ன பொய்

கொரோனா முதல் அலை சற்று ஓய்ந்திருந்த நேரம். எண்ணூரில் குடியிருக்கிறோம். என் ஆறு வயது மகளுக்கு நான்கு நாளாக விடாத காய்ச்சல், கண்ணும் சிவந்திருந்தது. எங்கள் பக்கம் கண் சிவந்தால் அனல்மின் நிலையச் சாம்பல் என்றுதான் சொல்வோம். நானும், மக்கு மாதிரி, கண்ணைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் காலையில் உடம்பெல்லாம் தடிப்பு, கைகால் சில்லிட்டுவிட்டது. அள்ளிப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டெங்கு இல்லை, டைபாய்டும் இல்லை. ரத்த அழுத்தம் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. டாக்டரம்மா கேட்டார்: "போன ஒண்ணு ரெண்டு மாசத்துல வீட்ல யாருக்காவது கொரோனா வந்துச்சாம்மா?"

"இல்லீங்க" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. தினமும் வாசலில் வந்து காய்ச்சல் இருக்கிறதா என்று விசாரித்த மாநகராட்சி ஆட்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய பொய் அது. ஒரு மாதம் முன்பு என் கணவருக்குக் காய்ச்சல் வந்து, கருவாட்டுக் குழம்பின் வாசனையே தெரியாமல் போனது. கொரோனா வந்த பக்கத்து வீட்டை அடைத்த மாதிரி எங்கள் வாசலையும் தகரம் அடித்து மூடினால் அவருடைய துறைமுக வேலை போய்விடும், தெருவே ஒதுக்கிவிடும் என்று பயந்து மூடி மறைத்தோம்.

டாக்டர் நகர்ந்ததும், வார்டில் தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா, நான் அவர் பின்னால் இரண்டடி போய்த் திரும்பி வந்ததைப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, தகரத்துக்கு பயந்துகினு மறைச்சியா? நானுந்தான் எங்க வூட்ல மறைச்சேன். இது புள்ள உசுரு. ஓடிப் போய் சொல்லு."

வெட்கம் பிடுங்கித் தின்ன, ஓடிப்போய்ச் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உடனே இதயத்தை ஸ்கேன் எடுத்தார்கள். அப்பாவிடமிருந்து அவளுக்கும் வெளியே தெரியாமல் கொரோனா வந்து போயிருக்கிறது; அப்படி வந்து போன சில வாரம் கழித்து, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தறிகெட்டுப் போய்க் குழந்தையின் இதயத்தைத் தாக்குகிறதாம். மருந்து சொட்டுச் சொட்டாக ஏறிய அந்தப் பகல் முழுக்க நான் உட்காரவே இல்லை.

மூன்றாம் நாள் கண் விழித்தவள், "பசிக்குதும்மா, கருவாடு வேணும்" என்றாள். ஓவென்று அழுதுவிட்டேன். "சோறு கேட்டுச்சுல்ல, அப்பால இன்னாத்துக்கு அழுவுற?" என்றார் அந்த அக்கா.

இப்போது நன்றாகத்தான் ஓடி ஆடுகிறாள். ஆனாலும் இதயப் பரிசோதனைக்கு அவளை அழைத்துப் போகிற ஒவ்வொரு முறையும், அன்று நான் சொன்ன அந்த ஒற்றை "இல்லீங்க" மீன் முள்ளாகத் தொண்டையில் நிற்கிறது.