படத்தில் காய்ந்த வயல்

என் கணவர் விவசாயிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தார். நான் படங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தேன். இரண்டு பேருமே காஞ்சிபுரத்தில் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர் எனக்கு அத்தை மகன். அறுபதுகளின் கடைசியில் எங்கள் தெருவுக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை இருக்கவில்லை. "பாவு ஓட்டத் தெரியாதவன் ஏர் ஓட்றவங்களப் பத்திப் படிக்கிறானாம்பா" என்று அவரைச் சொல்வார்கள். "படத்துக்குக் கணக்கு போடுதாமே அந்தப் பொண்ணு, எந்தக் கொட்டாயில?" என்று என்னைக் கேட்பார்கள். எனக்கு வாய் நீளம், சுடச்சுட ஏதாவது சொல்லிவிடுவேன். அவர் சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்தச் சிரிப்பின்மேல் எனக்கு அப்போதே கொஞ்சம் எரிச்சல் உண்டு.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். விமானத்திலிருந்து எடுத்த நிலப் படங்கள் சிலவற்றை, என் வழிகாட்டிப் பேராசிரியர் சென்னையில் எங்கெங்கோ அனுமதி கேட்டு வாங்கி வைத்திருந்தார். அந்தப் படத்தைப் பொடிப்பொடிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு கறுப்பு, எவ்வளவு வெளுப்பு என்று பார்த்து எண் கொடுக்க வேண்டும். பிறகு அந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஈர நிலம் எது, பயிர் எது, காய்ந்த நிலம் எது என்று கணக்காலேயே பிரிக்க வேண்டும். கட்டம் போட்ட காகிதத்துக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை. சேலை பார்டருக்கு டிசைன் போட அப்பா கட்டுக்கட்டாக வாங்கி வைத்திருப்பார். "பார்டர் காயிதத்துல எந்த ஊரு ஏரிய நெய்யிறம்மா?" என்று கேட்பார். கேட்டுக்கொண்டே இன்னொரு கட்டையும் எடுத்துக் கொடுப்பார்.

நான் எடுத்துக்கொண்டது தென்னேரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு சின்ன ஏரியின் படம். அது தற்செயல் இல்லை. அவர் ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்த ஊரும் அதுதான். அந்த ஏரித் தண்ணீரை ஊரார் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பது அவருடைய விஷயம். மதகை ஒட்டிய வயல்களைத் தலைமடை என்பார்கள். தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற வயல்கள் கடைமடை. கடைமடைக்காரர் ஒருவர் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. அவரைவிட நாலைந்து வயது மூத்தவர் அந்த மனிதர். அண்ணா, அண்ணா என்று உருகுவார் இவர். ஞாயிற்றுக்கிழமைகூட வீடு தங்காமல் வாலாஜாபாத் பஸ் ஏறிவிடுவார். உடம்பெல்லாம் சேற்று வாசனையோடு திரும்பி வருவார்.

ஒரே வீட்டில் இரண்டு ஆராய்ச்சி நடந்ததே தவிர, அவர் எழுதியதை நான் படித்ததில்லை. என் எண்களை அவர் பார்த்ததில்லை. ராத்திரி சோறு போடும்போது, "இன்னிக்கு எவ்ளோ ஆச்சு?" "கொஞ்சம் ஆச்சு." அவ்வளவுதான் எங்கள் பேச்சு. சமையலையும் கல்லூரி வேலையையும் பார்த்துவிட்டு உட்கார்ந்தால் என் கட்டங்களே எனக்குப் போதும் போதும் என்றிருக்கும்.

மழை பொய்த்துப்போன ஒரு வருஷம் எடுத்த படம் அது. என் கணக்குப்படி கடைமடை முழுவதும் காய்ந்து கிடந்தது. மதகுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு துண்டு, பயிர் நிற்கிற கறுப்பு. கணக்கு சரியாக வந்த சந்தோஷத்தில் அதை நிறம் தீட்டிப் பெரிய வரைபடமாகப் போட்டேன். காய்ந்த கட்டத்துக்கு மஞ்சள், பயிருக்குப் பச்சை. அவர் அதைப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி குதித்தார். "இத எனக்குக் குடும்மா. எங்க டிபார்ட்மெண்டுல எவனும் இப்படி ஒண்ணு பாத்திருக்க மாட்டான்" என்றார். ஆய்வேட்டை பைண்டிங்குக்குக் கொடுக்கப் போகிற கடைசி நேரத்தில் அதைப் பின்னிணைப்பாகச் சேர்த்தார். என்னை மணந்ததில் அவருக்கு இருந்த பெருமையெல்லாம் அந்த ஒரு தாளில் இருந்தது.

வாய்மொழித் தேர்வுக்குச் சென்னை போனவர் சாயங்காலம் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். விஷயத்தைத் துண்டு துண்டாகத்தான் பிடுங்க முடிந்தது. அந்த மழையில்லாத வருஷத்திலும் கடைமடைக்காரர்கள் நெல் அறுத்தார்கள், யாரும் பட்டினி கிடக்கவில்லை என்று இவர் எழுதியிருக்கிறார். தேர்வாளர் பின்னிணைப்பைத் திருப்பி, "உங்கள் படத்தில் கடைமடையில் ஒரு புல்கூட இல்லையே, எங்கே அறுத்தார்கள்?" என்று கேட்டிருக்கிறார். இவர் பதில் சொல்லவில்லை. விசாரித்து எழுதாமல் கேள்விப்பட்டதை எழுதியிருக்கிறீர்கள், திருத்தி ஒரு வருஷத்துக்குள் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"பதில் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்."

"அப்புறம் இன்னா கேடு? சொல்றதுதான?"

அப்போதுதான் சொன்னார். தண்ணீர் கடைமடை வரைக்கும் எட்டாது என்று தெரிந்தால், அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அந்த ஒரு போகத்துக்கு மட்டும், மதகை ஒட்டிய தலைமடை நிலத்தை ஊரே சேர்ந்து பிரித்துக்கொள்ளும். அவரவர் வைத்திருக்கும் நிலத்துக்குத் தக்க பங்கு. கடைமடைக்காரர் தன் வயலைக் காயப் போட்டுவிட்டு, தலைமடைக்காரர் வயலில் தன் பங்குக்கு நடவு நட்டு அறுத்துக்கொண்டு போவார். இருக்கிற தண்ணீரைக் கிட்டத்திலேயே பாய்ச்சுவதால் வாய்க்காலில் வீணாகாது. அடுத்த வருஷம் மழை பெய்தால் அவரவர் நிலம் அவரவருக்கு. ஆக, என் படமும் சரி, அவர் எழுத்தும் சரி. படத்துக்கு நிலம்தான் தெரியும், அறுத்தது யார் என்று அதற்குத் தெரியாது.

"இத எழுதறதுதான?" என்றேன்.

"காஞ்ச நெலத்துக்கு சர்க்கார்ல வரி வஜா பண்ணியிருக்காங்க. இந்தப் பக்கம் வரி தள்ளுபடி, அந்தப் பக்கம் தலைமடையில நெல்லு அறுத்தான்னு நான் எழுதி வெச்சா, நாளைக்கி எவனாச்சும் படிச்சிட்டு வசூல் பண்ண வருவான். அண்ணன் வூட்டு சோத்தத் துன்னுட்டு அவரையே காட்டிக் குடுக்கச் சொல்றியா?"

நான் கத்தினேன். அவர்களுக்குப் போனால் கொஞ்சம் வரி போகும், உங்களுக்கு வாழ்க்கை போகிறதே என்றேன். அக்கம்பக்கத்தில் தறி நின்று போய் எல்லோரும் காது கொடுத்தார்கள். அவர் அசையவில்லை. நானாவது பல்கலைக்கழகத்தில் போய்ச் சொல்கிறேன் என்றதற்கு, "சொன்னீன்னா அப்புறம் எங்கிட்டப் பேசாத" என்றார். அந்த மனிதர் அப்படிச் சொன்னது வாழ்க்கையிலேயே அந்த ஒரு முறைதான். நான் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை.

அந்த ஒரு வருஷமும் அவர் பேனாவைத் தொடவில்லை. பிறகு நெசவாளர் கூட்டுறவு சங்கம் ஒன்றில் வேலைக்குப் போனார். பட்டு நூல் நிறுக்கிற இடத்தில் உட்கார்ந்தார். என் ஆராய்ச்சி மட்டும் முடிந்தது. எனக்குப் பட்டம் கிடைத்த அன்று அவர்தான் தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தார். அந்த மஞ்சள் கட்டங்களைப் போட்ட கையையே பிடிக்கவில்லை எனக்கு. அவரை நினைத்துப் பெருமைப்பட்டேனா, ஆத்திரப்பட்டேனா என்று கேட்டால், ஒரே நாளில் இரண்டும்தான். அப்படியே எட்டோ ஒன்பதோ வருஷம் ஓடியது.

ஒருநாள் காலையில் அந்தக் கடைமடைக்காரர் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்தார். பெண்ணுக்குக் கல்யாணம், கூறைப்புடவை எடுக்க வேண்டும், தம்பி இருக்கும்போது கடைக்கு ஏன் போக வேண்டும் என்று நேரே இங்கே வந்துவிட்டார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. சங்கத்திலிருந்து புடவைகளைக் கொண்டுவந்து விரித்தார். பெண் அரக்கு நிறத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டாள். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது அந்த மனிதர் கேட்டார்.

"தம்பி, எங்க ஊரப் பத்தி எழுதினியே, புக்கு வந்துச்சா?"

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். "வந்துச்சிண்ணா" என்றார்.

"தண்ணி இல்லாத வருசம் தலைமடையில பங்கு வெச்சமே, அதுவும் வந்துக்குதா?"

"அது..." என்று என் கணவர் இழுத்தார். பிறகு மெதுவாக, "வரி வஜா பண்ணாங்களே, அதான் எழுதலாமான்னு..." என்றார்.

அந்த மனிதர் வெற்றிலைச் சிரிப்பு சிரித்தார். "அட போப்பா. தாசில்தாரே வந்து களத்து மேட்டுல குந்திக்கினு பாத்துட்டுப் போனாரே. வரி நெலத்துக்குத்தான, நெலம் காஞ்சிடுச்சி, வஜா பண்ணியாச்சி, நீங்க எங்க பயிர் வெச்சித் துன்னா எனக்கென்ன, நல்ல ஏற்பாடுய்யான்னாரு. நீ எழுதணும்னுதான உன்னிய வரப்பு வரப்பா இட்டுக்கினு போயி காட்டினேன்? எழுதினியா இல்லியா?"

"எழுதிட்டேண்ணா" என்றார் என் கணவர்.

"அதான பாத்தேன். எங்களுக்கு ஒரு காப்பி குடு. பேரப் பசங்க படிக்கும்."

அவர்கள் போன பிறகு, என் கணவர் அந்த வரைபடத்தை எடுக்கச் சொன்னார். தரையில் விரித்துப் பென்சிலோடு குனிந்தார். பச்சைத் துண்டில் யார் பங்கு எது என்று குறிக்கப் பார்த்தார். ஒரு கோடு போட்டார், அழித்தார். இன்னொன்று போட்டார், அதையும் அழித்தார். யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று அதை மட்டும் எந்தக் குறிப்பிலும் எழுதாமல் தலைக்குள்ளேயே வைத்திருந்தவர் அவர். அவ்வளவு வருஷத்தில் அது அவரிடமும் இல்லாமல் போயிருந்தது.

"ஊருக்குப் போய் அவரையே கேட்டா சொல்லிடப் போறாரு" என்றேன்.

"எழுதிட்டேன்னு சொல்லிட்டனேம்மா. இப்ப போயி எப்படிக் கேக்கறது?"

அன்றைக்குத் தேர்வுக்கு முன்னால் அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இவர் கேட்கவில்லை. இவ்வளவு சண்டை போட்ட எனக்கும், அந்த ஊருக்கு ஒரு பஸ் ஏறிக் கேட்டுவிட்டு வருவோம் என்று தோன்றவில்லை. நினைத்து நினைத்து நான் மாய்ந்துபோனது இதற்காகத்தான்.

கல்யாணத்துக்குப் போனோம். காப்பியை அந்த அண்ணன் கேட்கவில்லை, கல்யாண வேலையில் மறந்திருப்பார். பந்தலில் இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், சம்பந்திகளுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒவ்வொருவராகக் காட்டினார். "எங்க ஊரப் பத்தி புக்கு எழுதினவரு இவருதான்" என்றார். என் கணவர் ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே போனார்.