நீல டிரம்மின் அடியில்

ஆலைகள் சூழ்ந்த ஹடப்சரில் நாங்கள் குடியிருந்த வீட்டில் கோடை வந்தால் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பழைய இரும்புக் கடையிலிருந்து மேல்மூடி வெட்டிய நீல டிரம் ஒன்றை டெம்போவில் கொண்டுவந்து இறக்கியபோது, எங்களுக்கென்று ஒரு கிணறே வந்துவிட்டதாக நினைத்தேன். எனக்கு ஏழு வயது. அதற்குள் இறங்கிக் குளிக்கலாம் என்று அவர் வாக்களித்திருந்தார்.

மூன்று முறை கழுவிக் குளியலறையில் வைத்து, சாண் உயரம் நீரும் பிடித்தாயிற்று. அப்போது அத்தை கடைக்குப் போய்த் திரும்பினாள். அப்பாவின் தங்கை, எங்களோடு தங்கி, ஓர் ஆலையில், இயந்திர பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும் தொட்டியருகே வேலை பார்த்தவள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணே, இது என்ன வாசனை?"

"சோப்பு."

"சோப்பு இல்ல, ட்ரைக்குளோரோ. எங்க தொட்டியில பிசுக்கு எடுக்க ஊத்துற கெமிக்கல். பாப்பாவ முதல்ல வெளிய அனுப்புங்க."

"உனக்கு எதைப் பாத்தாலும் கம்பெனி ஞாபகம். ரசத்த மோந்து பாத்தாலும் கெமிக்கல்னுதான் சொல்லுவ."

எனக்கோ அது மிட்டாய்க் கடை போல இனித்தது. அத்தை சன்னல்களைத் திறந்தாள்; முணுமுணுத்த அப்பாவைக் கொண்டே டிரம்மை மொட்டைமாடிக்கு ஏற்றினாள். அங்கே அதைச் சரித்து, கடைசி நீரை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து வெயிலில் உயர்த்திக் காட்டினாள். நீரோடு சேராமல் அடியில் நாலைந்து துளிகள் பளிங்கு மணிகளாக உருண்டன. அவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. தொடப்போன என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணியவிடக் கனம், அண்ணே. டிரம்மோட அடி மடிப்புல ஒளிஞ்சுக்கும். ஆவியும் தரையோடதான் கிடக்கும். முதல்ல தலை சுத்துறது இவளுக்குத்தான்."

அப்பா குனிந்து புட்டியைப் பார்த்தார். "சரி, கடைக்காரன்கிட்டயே திருப்பிக் குடுத்துடலாம்."

"அவன் இன்னொரு வீட்டுக்குக் குடுப்பான்."

புட்டியை இறுக மூடி, ஆலையின் கழிவோடு சேர்க்க எடுத்து வைத்தாள். பிறகு உளியும் சுத்தியலும் கேட்டு வாங்கி, டிரம்மின் அடியில் நான்கு ஓட்டைகள் போட்டாள். ஒவ்வோர் அடிக்கும் நான் அழுதேன்.

வேலை முடிந்து வரும் அத்தை குளித்து உடை மாற்றாமல் என்னைத் தூக்கமாட்டாள். அதன் பின்னும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருப்பாள். என்மேல் பிரியம் குறைவு என்றுதான் அதற்குப் பொருள் கொண்டிருந்தேன். டிரம்மும் போனபின் ஐயமே இல்லை. எங்கள் வீட்டில் ஒரு துளிகூடத் தங்கவிடாதவள், மறுநாள் காலை டிபன் டப்பாவுடன், அதே திரவம் தொட்டி நிறைய நிற்கும் இடத்துக்கு ஏழு மணி பஸ் ஏறினாள். கீழிருந்து கையசைத்தாள். நான் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.