லிஃப்ட்காரரும் மூன்று முற்பிதாக்களும்

லிஃப்ட்காரருக்கு ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு மூவர் மேலும் தீராத கடுப்பு. கடவுள் மேல் அவருக்குப் புகார் எதுவும் கிடையாது. கடவுள் வேலைக்கு எடுத்த ஆட்கள் மேல்தான்.

"முதல் ஆள் உயிருக்குப் பயந்து பொண்டாட்டியைத் தங்கச்சின்னு சொன்னாரு. அதுவும் ரெண்டு தடவை. மகனும் அதே பொய். பேரன் கண்ணு தெரியாத அப்பனையே ஏமாத்தினான். என்கிட்ட வேலை பார்த்திருந்தா மூணு பேரையும் முதல் வாரமே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

பாஸ்டர் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த கையோடு, வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் 'முற்பிதாக்களின் வாழ்வில் கர்த்தரின் உண்மை' பற்றிப் பேசும் பொறுப்பை இவர் தலையிலேயே கட்டிவிட்டார்.

முப்பது வருடமாக லிஃப்ட் பழுது பார்ப்பவர். பட்டனை ஒரு தடவை அமுக்கினால் விளக்கு எரியும். கூப்பிட்டாயிற்று என்று அர்த்தம். பத்துத் தடவை குத்துகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. மனைவி மூன்று வருடமாகக் காலைதோறும் செய்துவந்த ஒரே ஜெபத்தையும் அவர் அந்த ரகத்தில்தான் சேர்த்திருந்தார்.

"அதான் ஒரு தடவை சொல்லியாச்சுல்ல? அவருக்குக் கேட்டிருக்கும்."

"கேட்டிருக்கும். எனக்குத்தான் சொல்லாம இருக்க முடியல."

ஜெபம் ஒரே மகனைப் பற்றியது. லிஃப்ட் வேலை வேண்டாம், ரொட்டி சுடப் போகிறேன் என்றான் அவன். பேச்சு தடித்தது. "இனி என் வாசப்படியை மிதிக்காதே" என்றார் இவர். அவனும் மிதிக்கவில்லை. அப்பா சொன்னதை அவன் கேட்டது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

வியாழன் காலை அவனிடமிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே இரண்டு ரயில் டிக்கெட், நாலு வரிக் கடிதம். சொந்தமாக பேக்கரி வைத்திருக்கிறான். போட்டது போட்டபடி விட்டுவிட்டு வர முடியவில்லை. சனிக்கிழமை அம்மாவும் அப்பாவும் கிளம்பி வந்து ஒரு வாரம் இருக்க வேண்டும்.

"டிக்கெட் அனுப்புறாராம் துரை!" என்றார் லிஃப்ட்காரர். "எடுத்தெறிஞ்சு பேசினவன் வரணுமா, பெத்தவன் போகணுமா?"

மனைவி அவருடைய வேலைச் சட்டையில் கிரீஸ் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "யாக்கோபு மகன் யோசேப்பும்தான் வரலையே. எகிப்துல இருந்து வண்டிதானே அனுப்பினான்? நூத்தி முப்பது வயசுல யாக்கோபுதானே ஏறிப் போனாரு?"

"அவன் பேச்சை எடுக்காதே. எகிப்துல ஒன்பது வருஷம் பெரிய அதிகாரி. அப்பனுக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்ப அந்த அரண்மனையில ஆளே கிடைக்கலையா?"

"உங்க மகன் சொல்லியனுப்பியிருக்கானே."

லிஃப்ட்காரர் வேறு வழியில் வந்தார். "நான் சொன்னா சொன்னதுதான். கடவுள் மட்டும் வாக்கு மாறுவாரா?"

"அவர் வாக்கைக் காப்பாத்துறது நம்மள வாழவைக்க. நீங்க காப்பாத்துறது வீம்புக்கு." சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். "நான் சனிக்கிழமை போறேங்க. இன்னொரு டிக்கெட்டை என்ன பண்றதுன்னு நீங்களே பார்த்துக்கோங்க."

வெள்ளி மதியம், ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறையில் உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு, பைபிளில் யாக்கோபின் கதையைப் பிரித்தார். மனைவி சொன்னதில் ஏதாவது ஓட்டை இருக்கும் என்று தேடத்தான் பிரித்தார். ஓட்டை இல்லை. ஆனால் வேறொன்று கண்ணில் பட்டது. வண்டி ஏறிய கிழவர் நேராக எகிப்துக்குப் போய்விடவில்லை. வழியில் எல்லையோரம் நின்றுவிட்டார். கடவுள் கூப்பிட்டு, பயப்படாதே, நானும் உன்கூட வருகிறேன் என்று சொல்ல வேண்டியிருந்தது.

அவருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் கூடவே வந்தவரை இந்த வயதிலுமா நம்பவில்லை? சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் மறுபடியும் சொல்ல வேண்டுமா? நானாக இருந்தால் கிழவரை நாலு வார்த்தை கேட்டிருப்பேன் என்று நினைத்தார். கடவுள் அப்படிக் கேட்டதாக எழுதியிருக்கவில்லை. எத்தனை தடவை சொல்ல வேண்டுமோ அத்தனை தடவையும் சொல்லியிருந்தார், அவ்வளவுதான்.

கிழவருக்கு என்ன பயம் என்று அவர் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தான் இல்லாமலே நன்றாக வாழ்ந்துகொண்டிருக்கும் மகன் முன்னால் போய் நிற்பது என்றால் அவருக்கும் அதே பயம்தான்.

மாலைக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"மூணு பேருமே உருப்படியான ஆளுங்க இல்ல. நம்பினது கொஞ்சம், சொதப்பினது நிறைய. ஆனா கொடுத்த வாக்கு நின்னுச்சு. அது அவங்க சாமர்த்தியம் இல்ல, கொடுத்தவர் அப்படிப்பட்டவர். கடைசி ஆள் மகனைப் பார்க்கப் போகப் பயந்தாரு. நானும் வரேன், கிளம்புன்னு சொன்னாரு கடவுள். கிளம்பிட்டாரு. ஜெபம் பண்ணலாம்."

அரை மணி நேரத்துக்குத் தயாராக வந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னண்ணே, அஞ்சு நிமிஷம்கூட ஆகலையே?" என்றார் பாஸ்டர்.

"போதும் பாஸ்டர். நான் போய்த் துணி எடுத்து வைக்கணும்."

வீட்டில் பெட்டி திறந்தே கிடந்தது. இரண்டு சட்டை வைத்தார். "ஒரு வாரமெல்லாம் ஆகாது. ரெண்டே நாள். அவன் வாயைத் திறந்தான்னா அன்னைக்கே கிளம்பிடுவேன்" என்று சொல்லிவிட்டுச் சோப்பு எடுக்கப் போனார். மனைவி இன்னும் ஐந்து சட்டைகளை மடித்து உள்ளே வைத்தாள்.