மே மாதத்தில் ஹீட்டர் போட்டவள்

காருக்குள் ஹீட்டர் போட்டால் ஒரு வாடை வரும்... காய்ந்த தூசியும் சூடான ரப்பரும் கலந்த மாதிரி. சென்னையில் பிறந்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? எனக்குத் தெரியும். அதுவும் மே மாதத்தில், எண்ணூர் ரோட்டில். சிரிக்காதீர்கள்.

நான் கால் டாக்ஸி ஓட்ட ஆரம்பித்த புதிது. வண்டி ஊட்டிப் பக்கம் ஓடிய பழைய கார். அதனால் ஹீட்டர் நன்றாகவே வேலை செய்தது. எங்கள் குப்பத்தில் அதை வைத்துச் செய்யாத கிண்டல் இல்லை. உள்ளே கருவாடு காய வைக்கலாமா என்றுகூடக் கேட்டார்கள்.

சித்தப்பா திருவொற்றியூரில் மெக்கானிக். பானெட்டைத் திறந்ததும், ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் காட்டி, மெட்ராஸ் வண்டிக்கு இது எதுக்கு, கழட்டிவிடலாம் என்றார். அது எப்படிச் சூடு தருகிறது என்று கேட்டேன். இன்ஜினைச் சுற்றிவரும் கொதிதண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு குட்டி ரேடியேட்டருக்குள் ஓடும், அவ்வளவுதான் என்றார்.

கழட்ட விடவில்லை. என் வண்டியில் ஒரு ஸ்க்ரூவைத் தொடுவதென்றாலும் நான் சொல்லித்தான் தொட வேண்டும். அப்படி ஒரு திமிர் எனக்கு.

"பொம்பள ஓட்ற வண்டி... என்னிக்காவது நடு ரோட்ல நிக்கப் போது. அப்ப தெரியும்மே," என்றார் சித்தப்பா.

அந்த நாள் என் தங்கச்சி நந்தினியின் பரீட்சை அன்றைக்கே வந்தது.

அரசாங்க வேலைக்கான பரீட்சை. சென்டர் வண்ணாரப்பேட்டையில். எங்கள் வீட்டுக்கு அப்போது ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மத்தியானம் ஃபேன் போட்டால் அனல்தான் இறங்கும். சாக்கை நனைத்துக் கூரைமேல் போடுவோம், போட்ட கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். அந்த வெக்கையில், தலையில் ஈரத்துண்டோடு ஒரு வருஷம் படித்தவள் அவள். சென்டர் கேட்டை மூடிவிட்டால் அந்த வருஷம் போச்சு.

கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினோம். முன்னால் லாரி, பின்னால் லாரி... இறங்கி நடந்தாலும் ஆட்டோ கிடைக்காத இடம். ஊர்ந்து ஊர்ந்து போகையில் டெம்பரேச்சர் முள் ஏற ஆரம்பித்தது. ஏசியை அணைத்தேன். அப்போதும் ஏறியது. காதைக் கொடுத்துக் கேட்டால் ரேடியேட்டர் ஃபேன் சத்தமே இல்லை. காலையில் தண்ணீர், பெல்ட், ஹோஸ் எல்லாம் பார்த்துத்தான் எடுத்தேன். சனியன், அன்றைக்கென்று பார்த்து ஃபேன் நின்றிருக்கிறது.

பக்கத்து லாரிக்காரர், ஓரங்கட்டி மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்று என்று கத்தினார். கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். ஓரங்கட்டினால் அந்த வரிசைக்குள் மறுபடி யார் விடுவார்கள்?

பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. சித்தப்பா சொன்னது நடந்துவிடக்கூடாது, அதுவும் இன்றைக்கு. ஹீட்டர் சூடு இன்ஜினில் இருந்துதானே வருகிறது? அப்போ அந்தச் சூடு எங்கள்மேல் வந்து தொலையட்டும். கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டு, ஹீட்டரை முழுசாகத் திருப்பினேன்.

அம்மாடி... வெளியில் அந்த வெயில், உள்ளே அடுப்படி. கண் எரிந்தது. நந்தினியிடம் தாங்குவாயா என்று கேட்டேன்.

"நம்ம வூட்ல இல்லாத வெக்கையாக்கா? நீ போடு."

முள் நின்றது. ஏறவில்லை. லாரிக்காரர் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். போய்யா, உன் வேலையைப் பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். டோல்கேட் தாண்டி ரோடு விட்டதும், எதிர்க்காற்று பட்டு முள் மெதுவாக இறங்கியது.

சென்டரில் வாட்ச்மேன் கேட்டை இழுத்துக்கொண்டிருந்தார். கடலில் முங்கி எழுந்தவள் மாதிரி சொட்டச் சொட்ட ஓடினாள் நந்தினி. உள்ளே போய்விட்டாள். நான் ஸ்டீயரிங்மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதேன்.

அந்தப் பரீட்சையில் அவள் பாஸாகவில்லை.

ரிசல்ட் வந்த அன்றைக்குச் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். இதுக்கா வண்டியை அந்தப் பாடு படுத்தினீங்க என்று சிரித்தார். நந்தினி நிமிர்ந்து பார்த்தாள்.

"எயுதிட்டுத்தான் சித்தப்பா தோத்துகீறேன். ரோட்ல நின்னு தோக்கல."

அடுத்த வருஷம் அவள் மறுபடி எழுதினாள், வேலை கிடைத்தது.

இப்போது என்னிடம் புதுக் கார். முள்ளெல்லாம் இல்லை, கோளாறு என்றால் ஒரு லைட் எரியுமாம். வீட்டுக்குத் தளம் போட்டு ஏசியும் மாட்டியாயிற்று. மெட்ரோவும் இந்தப் பக்கம் வந்துவிட்டது, நந்தினி அதில்தான் ஆபீஸ் போகிறாள். லாரி வரிசை மட்டும் அப்படியே இருக்கிறது... அதில் நிற்கும்போது அந்தப் பழைய வண்டி ஞாபகம் வரும். விற்றிருக்க வேண்டாமோ என்று தோன்றும்.

வேலை எப்படிக் கிடைத்தது என்று ஆபீஸில் யாராவது கேட்டால், பாஸான பரீட்சையைப் பற்றி நந்தினி வாயே திறப்பதில்லையாம்.

ஃபெயிலானதைத்தான் சொல்கிறாளாம்... எங்க அக்கா என்னைக் கொண்டுபோய் விட்டுது என்று.