பதுளைக்குப் புறப்பட்ட நாள்

கலஹாவிலிருந்து தினமும் பஸ் ஏறிக் கண்டிக்கு வேலைக்குப் போய்வரும் மோகனராஜிடம் குறை என்று சொல்ல ஒன்றுதான் உண்டு. உடம்பு இருக்கிற இடத்தில் மனிதர் இருக்கமாட்டார். காலையில் ரொட்டியைப் பிய்த்துக் கட்டச்சம்பலில் தொடும்போதே, "பகலைக்கு என்ன கறி?" என்று கேட்பார். பகல் சோறு வாயில் இருக்கும்போது, நேற்றுப் பருப்பில் உப்புக் கூடிப்போனது ஞாபகத்துக்கு வரும். தட்டில் இருந்தது என்ன மீன் என்று பிறகு கேட்டால் விழிப்பார்.

கல்யாணத்தன்றே இது தெரிந்துபோயிற்று. தாலி கட்டி முடிந்ததும் அவர் நிஷாந்தினியின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் சொன்னது இவ்வளவுதான்: "பிள்ளைகள கலஹாவுலயே படிக்க வைப்பமா, கண்டியில போடுவமா?"

வேலை செய்கிற இடமும் இந்தக் குணத்துக்குத் தோதாக அமைந்துவிட்டது. கண்டி டவுனில் பிஸ்கட் மொத்த வியாபாரி ஒருவரின் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. அங்கே சாயந்தரமானால் ஒரு மீட்டிங் நடக்கும். இன்றைக்கு எங்கே பிழை விட்டோம், நாளைக்கு என்ன செய்யப்போகிறோம் என்று பேசிவிட்டுத்தான் ஷட்டரை இழுப்பார்கள். மோகனராஜ் அந்த மீட்டிங்கை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். தீபாவளி முடிந்த மறுநாள் மனைவியையும் மகள் சுகிர்தாவையும் கதிரை போட்டு உட்கார வைப்பார்.

"சரி, இந்த வருஷம் பலகாரத்துல எங்க பிழை விட்டோம்?"

"முறுக்குல ஒரு பிழையும் இல்ல" என்பாள் நிஷாந்தினி. "சுடச்சுட வச்சேன். நீங்க வாயில போட்டுக்கிட்டே பொங்கலுக்கு எத்தன கிலோ அரிசின்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க. அதுதான் பிழ."

போன வருடம் திருகோணமலைக்குப் போனார்கள். சுகிர்தா கடலைக் கண்டதும் கத்திக்கொண்டே ஓடினாள். மோகனராஜும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். இறங்கி, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அடுத்த வருடம் பதுளைக்கு ரயில் கோச்சியில் போவது எப்படி என்று விளக்க ஆரம்பித்தார். ஹட்டன் வரைக்கும் வலப்பக்கம் உட்கார வேண்டும், நானுஓயாவுக்குப் பிறகு இடப்பக்கம் மாற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஓர் அலை வந்து ஆளைக் கவிழ்த்தது. மூக்கால் தண்ணீர் ஒழுக எழுந்தவர், "அதுனாலதான் சொல்றேன், மலைநாட்டுப் பயணம்தான் நமக்குச் சரி" என்று முடித்தார்.

அந்தப் பதுளைப் பயணத்துக்கான நாள் ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் வந்து சேர்ந்தது. கூடவே நிஷாந்தினியின் அண்ணன் ராஜலிங்கமும் வந்தார். மேல்தோட்டத்துப் பெக்டரியில் தேயிலை அரைக்கிற மெஷினில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நல்ல சாப்பாடு கிடைக்கும் என்றால் எந்த ஊருக்கும் கிளம்பிவிடுவார்.

திருகோணமலையில் கெட்டுப்போன சோற்றையும் நனைந்த துணிகளையும் மனதில் வைத்து, மோகனராஜ் இந்த முறை ஒன்றையும் விடவில்லை. குடைகள், பெரிய பிளாஸ்டிக் விரிப்பு, சுடுதண்ணிப் போத்தல், வயிற்று வலிக்கு ஓமத் திராவகம், அட்டை கடித்தால் தேய்க்கச் சவர்க்காரம் எல்லாம் பையில் இருந்தன. ரொட்டி ஹட்டனில், புளிச்சோறு நானுஓயாவில் என்று சாப்பாட்டுக்கும் இடம் குறித்திருந்தார்.

பேராதனைச் சந்தி ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்ததும் ராஜலிங்கம் பையைத் தடவிப் பார்த்தார்.

"மச்சான், ஹட்டன் வர்றதுக்கு ரொம்ப நேரம் ஆகுமோ?"

"கோச்சியே இன்னும் வரலையே மச்சான்."

"இல்ல, சும்மா கேட்டேன்."

கோச்சி வரவே இல்லை. மேலே எங்கேயோ பெரிய மரமொன்று தண்டவாளத்தில் விழுந்துவிட்டது, இன்றைக்குப் பதுளைப் பக்கம் ஒன்றும் போகாது என்று அறிவித்தார்கள். பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். மோகனராஜ் மட்டும் அசையாமல் இருந்தார். மழைக்கும் அட்டைக்கும் வயிற்று வலிக்கும் வழி வைத்திருந்தார். கோச்சி வராவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தொண்டையைச் செருமினார். "சரி, எல்லாரும் உக்காருங்க. எங்க பிழை விட்டோம்னு பாப்போம்."

நிஷாந்தினி உட்காரவில்லை. பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள். "விடியக்காலையில எழும்பிச் சமைச்சிருக்கேன். இந்தப் பையத் தூக்கிக்கிட்டுத் திரும்பக் கலஹாவுக்கு ஏற மாட்டேன்."

"அப்ப எங்க போறது?"

"இந்தா கிட்ட இருக்கே, பூந்தோட்டம். அங்க போவோம்."

கண்டிக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த வாசலைத் தாண்டித்தான் பஸ் போகும். வெள்ளைக்காரர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கூட்டம் கூட்டமாக உள்ளே போவதை மோகனராஜ் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறார். உள்ளே போனதில்லை. பக்கத்தில்தானே இருக்கிறது, பிறகு போகலாம் என்று விட்டதுதான்.

வாசலில் ராஜலிங்கம் தகராறு பண்ணினார். "தோட்டத்துல பொறந்து, தோட்டத்துல வளந்து, தோட்டத்துலயே வேலையும் செய்றேன். தோட்டத்தப் பாக்க டிக்கெட் வேற எடுக்கணுமா?"

"மாமா, இது வேற தோட்டம்" என்று சுகிர்தா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

உள்ளே போனதும் மோகனராஜுக்குப் பாதி உயிர் வந்தது. வாசலில் இருந்த வரைபடத்தைப் படித்து, மூங்கிலுக்கு இவ்வளவு நேரம், ஓர்க்கிட் மலருக்கு இவ்வளவு நேரம் என்று மனதுக்குள் பிரித்துவிட்டு, முன்னால் விறுவிறுவென்று நடந்தார். யானைக்கால் பருமனில் மூங்கில்கள் காற்றில் ஒன்றோடொன்று உரசிக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவில் நின்றுகொண்டு, "அடுத்த போயாவுக்குப் பதுளைக்கு விட்டா, முதல் நாளே ஸ்டேஷன்ல விசாரிக்கணும்" என்றார்.

பெரிய புல்வெளியை அடைந்தபோது நடு வானில் வெயில் நின்றது. அங்கே ஒற்றை மரம் ஒன்று, கிளைகளைத் தரை வரைக்கும் விரித்து, ஒரு கோயில் மண்டபம் மாதிரி நிழல் போட்டிருந்தது. ராஜலிங்கம் அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்க மறுத்துவிட்டார். "இதுதான் மச்சான் ஹட்டன். அவுருங்க பையை."

ரொட்டி போன வேகத்தில் நானுஓயாவும் உடனே வந்துவிடும் போலிருந்தது. நிஷாந்தினி புளிச்சோற்றுப் பார்சலை வெளியே எடுத்து வைத்தாள். மோகனராஜ் அதைக் கண்டு, "அது இப்ப இல்ல" என்று சொல்லி முடிக்கவில்லை. மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரங்கு வந்தது. அவசரமே இல்லாமல் நடந்து வந்து, பார்சலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடியது.

"ஏய்! அது நானுஓயாவுக்கு!" என்று கத்திக்கொண்டு மோகனராஜ் துரத்தினார்.

புல்வெளியில் உட்கார்ந்திருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. குரங்கு ஒரு வளைவு வளைந்தது. மோகனராஜும் வளைந்தார். வேர் தடுக்கி, பறப்பதுபோல் ஒரு கணம் தெரிந்து, தொம்மென்று விழுந்து உருண்டு மல்லாந்தார். குரங்கு கிளையில் ஏறி உட்கார்ந்து பார்சலைப் பிரித்தது.

நிஷாந்தினி அலறிக்கொண்டு ஓடிவந்தாள். "ஏங்க, அடி கிடி பட்டுச்சா?"

"இல்ல."

"அப்ப ஏன் எழும்பாம கெடக்கிறீங்க?"

"பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார் மோகனராஜ்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். தூரத்து உயர்ந்த மரங்களில் வௌவால்கள் கறுப்புத் துணி காயப்போட்டது போல் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. திடீரென்று ஏதோ தோன்ற, எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே திரும்ப வந்து தொங்கின. நிஷாந்தினி அவர் பக்கத்தில் சேலையை ஒதுக்கிக்கொண்டு படுத்தாள். சுகிர்தாவும் வந்து விழுந்தாள். ராஜலிங்கம் மீதி ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து படுத்தார். வௌவால்கள் மறுபடி ஒரு சுற்று வந்தன.

மோகனராஜுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் வயிறு குலுங்கிற்று, பிறகு சத்தமாகவே வந்துவிட்டது. "நம்ம புளிச்சோத்த அது எப்படி உருட்டி உருட்டித் திங்குது பாரு" என்றார். நிஷாந்தினி குரங்கைப் பார்க்கவில்லை. புருஷன் முகத்தைத்தான் பார்த்தாள். அவர் இப்படிச் சிரித்து அவள் பார்த்தது குறைவு.

பகலுக்குப் பிறகு மழை வந்தது. கண்டி மழைக்கு முன்னறிவிப்பு ஏது? புல்வெளியில் இருந்தவர்கள் தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடினார்கள். மோகனராஜ் பிளாஸ்டிக் விரிப்பை எடுத்து, மரத்தின் கிளைகளில் மூலைகளைக் கட்டி, கண்ணை மூடித் திறப்பதற்குள் கூரை போட்டுவிட்டார். நனைந்துகொண்டே ஓடிய ஓர் இளஞ்சோடியையும் கூப்பிட்டு உள்ளே இருத்தினார். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். பையன் பெயர் இளங்கோ. கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான்.

"நாங்களும் பதுளைக்கெண்டுதான் வெளிக்கிட்டனாங்கள் அண்ணை" என்றான் அவன், சுடுதண்ணியில் கலக்கிய பால் விடாத பிளேன்டியை வாங்கிக்கொண்டே. "ஒரு குடைகூடக் கொண்டுவரேல்லை. நீங்கள் எப்பிடி இவ்வளவும் யோசிச்சுக் கொண்டந்தனீங்கள்?"

நிஷாந்தினியும் சுகிர்தாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்கக்கூடாத ஆளிடம் கேட்கக்கூடாத கேள்வி. திருகோணமலையில் தொடங்கி எல்லாவற்றையும் மோகனராஜ் விவரித்து முடிக்கும்போது மழை விட்டிருந்தது. இளங்கோ பாவம், ஒவ்வொன்றுக்கும் "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று தலையாட்டினான். அவன் மனைவியின் தலைவலிக்கு வெள்ளைத்தைலம் வரைக்கும் பையிலிருந்து வந்ததில் அந்தப் பெண்ணுக்கு உண்மையாகவே பெரிய மரியாதை உண்டாகிவிட்டது.

வெளியேறும் நேரத்தில் தொங்கு பாலத்தில் ஏறினார்கள். கீழே மகாவலி கலங்கி ஓடியது. பாலம் ஆட ஆரம்பித்ததும் ராஜலிங்கம் நடுவில் நின்று கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முன்னாலும் போகமாட்டேன், பின்னாலும் வரமாட்டேன் என்றார். கரையிலிருந்து காவலாளி விசில் ஊதினார்.

"பயப்படாதீங்க மச்சான். மெதுவா, ஒவ்வொரு அடியா வைங்க" என்றார் மோகனராஜ்.

"நாளைக்கு வேலைக்குப் போகணும் மச்சான், செத்துப்போயிருவேன் போல இருக்கு!"

"நாளைக்கு உள்ளத நாளைக்குப் பாப்போம். இப்ப இந்தக் கால எடுங்க."

சுகிர்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா என்ன சொன்னார் என்று அப்பாவுக்கே தெரியவில்லை.

பதுளைக்கு அடுத்த போயாவில் போய் வந்தார்கள். நல்ல பயணம். முதல் நாளே ஸ்டேஷனில் விசாரித்திருந்தார். திரும்பி வந்ததும் மீட்டிங்கும் நடந்தது. மோகனராஜ் திருந்திவிட்டார் என்று யாராவது சொன்னால் நிஷாந்தினி அடிக்க வருவாள்.

ஆனால் கண்டியில் செருப்புக் கடையில் வேலை செய்யும் றவூப் ஒன்று சொல்வார். காலை பஸ்ஸில் மோகனராஜின் பக்கத்து சீட் அவருக்குத்தான் வாய்த்திருக்கிறது. கலஹாவில் ஏறியதும் நாளைய வேலை, அடுத்த மாதச் செலவு, மகளின் கல்யாண மண்டபம் என்று மோகனராஜ் தொடங்கிவிடுவார். பேராதனையில் அந்தத் தோட்டத்து மரங்கள் தெரிந்ததும் பேச்சு பாதியில் நிற்கும். கழுத்தைத் திருப்பி, மரங்கள் மறையும் வரைக்கும் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடங்குவார்.

"ஏன்டு நான் கேக்கிறல்ல" என்பார் றவூப். "அந்தக் கொஞ்ச நேரத்துலதான் நான் ஒரு சின்ன தூக்கம் போடுறது."