கை தட்டும் பிரதிநிதி

“சூப்பர்ண்ணே! அம்புட்டுத்தான், இன்னும் கொஞ்சம்!” ஆரப்பாளையத்தில் பேருந்தைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்த ஓட்டுநருக்குத்தான் இந்த உற்சாகம். அவர் யாரென்றே பவதாரிணிக்குத் தெரியாது. யார் எதற்குச் சிரமப்பட்டாலும் இவரால் சும்மா நிற்க முடியாது, கை தட்டிவிடுவார்.

தொழில் அப்படி. எங்கள் ஆஸ்பத்திரியில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்களை மறுபடி சட்டைப் பொத்தான் போட, சோறு பிசைய, டீ ஆற்றப் பழக்குகிறவர். அதற்கென்றே ஒரு சின்ன அடுப்படி உண்டு. எழுமலையில் டீக்கடை வைத்திருந்த கண்ணுச்சாமி அங்கேதான் இடது கையால் டீ ஆற்றிப் பழகுகிறார். பாதி டீ கீழே கொட்டும். “தரைக்கும் தாகமா இருக்கும்ல? இன்னொருக்க ஆத்துங்கண்ணே!” என்று பவதாரிணி துடைத்துவிடுவார்.

அந்த அடுப்படியை மருந்துக் கிடங்காக்கப் போவதாக நிர்வாகம் சொன்னது. ஊழியர் சங்கத்தில் கூடி, பேசுவதற்குப் பவதாரிணியைப் பிரதிநிதியாக்கினோம். பேச்சுவார்த்தைக்கு முன் ஒரு நாள் பயிற்சி. லேப்பில் வேலை பார்க்கும் நானும் துணைக்குப் போனேன்.

பயிற்சி கொடுத்த சங்கத்துச் சிவபாண்டி அண்ணன் மேனேஜராக நடித்தார். “முடியாதும்மா! இடம்... இடம் வந்து...” என்று வேண்டுமென்றே இழுத்தார். எதிராளி தடுமாறும்போது மடக்கிப் பிடிக்க வேண்டும், அதுதான் பாடம். பவதாரிணியோ முன்னால் சாய்ந்து, “பதறாதீங்க சார். மெதுவாச் சொல்லுங்க, வார்த்தை வந்துரும்” என்றாரே பார்க்கலாம்! கூடமே சிரிப்பில் குலுங்கியது.

“ஏத்தா, நீ அவுக பக்கமா, எங்க பக்கமா?” என்றார் சிவபாண்டி அண்ணன்.

“என்னண்ணே செய்ய, பாவமா இருக்குல்ல!”

அடுப்படி போச்சு என்றே நினைத்தேன்.

திங்கட்கிழமை நிஜ மேனேஜர் கிரிதர் எதிரே உட்கார்ந்தோம்.

“பாக்கலாம்மா” என்றார்.

“சூப்பர் சார்! பாத்துட்டு?”

“யோசிக்கலாம்.”

“அருமை! யோசிச்சு?”

சண்டைக்குத் தயாராக வந்த மனிதர் திணறிப்போனார். பாராட்டுகிறவரிடம் எப்படிக் கோபப்படுவது? பவதாரிணி குரலைத் தாழ்த்தினார். “கண்ணுச்சாமி அண்ணன் திரும்பக் கடையத் தொறக்கணும் சார். அதுக்கு அடுப்பு வேணும்.”

கிரிதர் முன்னாலிருந்த கோப்பை மூடிவைத்தார். “சரி, அடுப்படி அங்கேயே இருக்கட்டும். கிடங்குக்கு வேற இடம் பாக்குறேன்.”

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. மனசு மாறுவதற்குள் ஒப்புதல் தாளை அவர் முன் நகர்த்தினேன். அவர் பேனாவை இறுக்கிப் பிடித்தபடி தயங்கினார்.

பவதாரிணி மேசைக்கு மேல் எட்டி, “இம்புட்டு இறுக்கிப் பிடிச்சா கை வலிக்கும் சார். இப்பப் போடுங்க” என்று அவருடைய கட்டைவிரலைச் சற்றுக் கீழே நகர்த்திவிட்டார்.