பாசி பிடித்தால் செடியைப் பிடுங்குவார்களா?

போன வருஷம் தீபாவளி முடிந்த கையோடு நடந்தது இது. லுணுகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள் நான். அன்று காலை ஊற்று நீர் கொட்டும் பீலியில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் சிவப்பாக ஓடியது. ரத்தம் வருவது எனக்குப் புதிதில்லை. ஆனால் அன்று முன்பற்களை நாக்கால் தள்ளிப் பார்த்தேன், இரண்டு பல் ஆடின. பின்னால் ஒன்று எப்போது விழலாம் என்று காத்திருந்தது. எனக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இதற்கு இரண்டே வைத்தியம்தான். ஈறு வீங்கினால் புகையிலையை அடக்கிக்கொள்வது, பல் ஆடினால் போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவது. பிடுங்கினால் ஒரு நாள் வேலையோடு தொல்லை விட்டது, மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றுவிடலாம். அப்படித்தான் என் அம்மா ஒவ்வொன்றாகப் பிடுங்கி, என் வயதிலேயே பொக்கை வாயாகிவிட்டார். சிரிப்பு வந்தால் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வார். வயிறு குலுங்கச் சிரிக்கத் தெரிந்த மனுஷி அவர். அந்தத் தலைப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான் வருகிறது.

அடுத்த காம்பரா வீட்டில் இருக்கும் என் நாத்தனார் வழக்கம்போல யோசனை சொன்னார். "போயி ஆடுறதையெல்லாம் ஒரேயடியாப் புடுங்கிட்டு வந்துரு. தோட்டத்துல எவளுக்கு வாய் நெறையாப் பல்லு இருக்கு?"

அந்தக் கேள்விதான் என்னை உசுப்பிவிட்டது. ஏன், இருந்தால் என்ன?

பதுளைக்குப் பஸ் ஏறினேன். டவுனில் ஒரு பல் கிளினிக். வாசலில் நம்பர் துண்டு கொடுக்கிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "தோட்டமா? பல்லு புடுங்கத்தானே?" என்று கேட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் பல் பிடுங்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்த வாங்கைக் காட்டினார்.

"புடுங்க வரலீங்க. காப்பாத்த முடியுமான்னு கேக்க வந்திருக்கேன்" என்றேன்.

அவர் சிரித்தார். வாங்கில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது, ஆனாலும் நான் உட்காரவில்லை. டாக்டர் அம்மாவே எட்டிப் பார்த்து உள்ளே கூப்பிடும்வரை அங்கேயே நின்றேன்.

அவர் சிங்களவர். தெரிந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார். "பல்லு நல்லது. ஈறுக்குத்தான் வருத்தம்." ஈறுக்கு அடியில், வேர்ப்பக்கமாக, கல் மாதிரி ஊத்தை படிந்திருக்கிறதாம். மரத்துப்போக ஊசி போட்டு உள்ளே விட்டுச் சுரண்ட வேண்டும். ஒரு பக்கம் இன்றைக்கு, மறு பக்கம் இன்னொரு நாளைக்கு. பின்னால் இருந்த ஒரு பல்லை மட்டும் காப்பாற்ற முடியாது என்றார். எடுக்கச் சொன்னேன். காரணம் சொல்லிக் கேட்டால் பல்லைக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. புகையிலையை விடச் சொன்னார். அதற்கும் தலையாட்டினேன், அதுதான் கஷ்டமாக இருந்தது.

வாய்க்குள் கரகரவென்று சுரண்டும் சத்தம் கேட்டபோது, இது எனக்குத் தெரிந்த வேலையாயிற்றே என்று தோன்றியது. மலையில் கவ்வாத்து வெட்டிய பிறகு, மொட்டையாக நிற்கும் தேயிலைச் செடியில் படிந்த பாசியை நாங்கள் குந்தியிருந்து சுரண்டுவோம். அதே சத்தம்.

கொஞ்ச நாளில் வீக்கம் வற்றியது. வற்றியதும் பற்களுக்கு நடுவே சந்து சந்தாகத் தெரிந்தது, பல்லெல்லாம் நீண்டுபோன மாதிரி இருந்தது. காலைக் காற்று பட்டாலே கூசியது. நாத்தனார் மலையில் எல்லார் முன்னாலும் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"இருந்த ஈறையும் சொரண்டி எடுத்துட்டாங்களே! அந்தப் பக்கத்தையாச்சும் உட்டு வையி."

எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்காரரும், "போனது போதும், விடு" என்றார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இப்படி ஆகும், பயப்படாதே என்று டாக்டர் அம்மா சொல்லியிருந்தார். ஆனால் கண்ணாடியைப் பார்க்கும்போது அந்தப் பேச்சு எங்கே ஞாபகம் வருகிறது? இருந்தாலும் அந்தச் சிரிப்பு என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

"கவ்வாத்து வெட்டுனா மலை மொட்டையாத்தானே அண்ணி இருக்கும்? அப்புறம் துளிர்க்கலையா? பாசி புடிச்சிருச்சுன்னு எந்தத் தொரையாவது செடியப் புடுங்கச் சொல்லியிருக்காரா? தோட்டத்துச் செடின்னா சொரண்டுறோம், நம்ம வாயின்னா மட்டும் புடுங்கிப் போட்டுருவோமா?"

வேலையை மேற்பார்க்கும் கங்காணி, "வாய் பேசுனது போதும், கை பேசட்டும்" என்று அதட்டினார்.

மறு பக்கத்துக்கும் போனேன். அதே ஊசி, அதே கரகர. பிறகு ரத்தம் நின்றது. ஆடிய இரண்டு பற்களில் ஒன்று உறுதியாகிவிட்டது. மற்றது இன்னும் லேசாக ஆடுகிறது. ஆடட்டும், இருக்கிறதல்லவா? ஒரு நாள் அவித்த சோளக்கதிர் வாங்கி வந்து, லயத்து வாசலில் எல்லாரும் பார்க்க மெதுவாகக் கடித்துத் தின்றேன். வேண்டுமென்றேதான்.

அதற்கப்புறம் நாத்தனார் பீலியடியில் என்னைத் தனியாகப் பிடித்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்தபடி, "அந்த டாக்டரம்மா என்னைக்கு இருப்பாங்க?" என்று கேட்டார். எனக்கு அம்மாதான் கண்ணுக்குள் வந்தார். "மொதல்ல அதை எடுங்க அண்ணி" என்று தலைப்பை இழுத்துவிட்டேன்.

இருவரும் பதுளைக்குப் போனோம். வாசலில் அதே ஆள், அதே கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார், "புடுங்க இல்லீங்க, சொரண்டத்தான்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, அவர் காட்டிய வாங்கைத் தாண்டிப் போனார்.

தோட்டத்துக்காரிக்குப் பல் எதற்கு என்று முதலில் நினைத்தது யாரோ, எனக்குத் தெரியாது. நாங்களும் அதை நம்பித்தான் இத்தனை காலம் பிடுங்க வாயைக் காட்டிக்கொண்டிருந்தோம். இனி என் சம்மதமில்லாமல் என் வாயிலிருந்து ஒன்றும் போகாது. சிரிப்பு வந்தால், அம்மா மூடி வைத்ததையும் சேர்த்து, வாயைத் திறந்தே சிரிக்கிறேன்.